நோட்டின் கடைசிக் கட்டம்

சிறுநீர்ப் பாதை நோய்களைப் பார்க்கும் யூராலஜித் துறையை எடுக்கலாமா என்று கேட்டு வரும் இளைய டாக்டர்களிடம் நான் முதலில் எடுத்துக் காட்டுவது ஒரு நீள நோட்டு. கோடு போட்ட சாதாரண நோட்டுதான். ஒவ்வொரு வரியிலும் ஆறு கட்டம்: பெயர், வயது, எந்தப் பக்கம், வைத்த தேதி, எடுக்க வேண்டிய தேதி, எடுத்த தேதி. இருபது வருஷத்துக்கு மேலாக எழுதிவருகிறேன். இப்போது நடப்பது எட்டாவது நோட்டு. பழைய பக்கங்களைப் புரட்டினால் கடைசிக் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு தேதி இருக்கும். அண்மைப் பக்கங்களில் மட்டும் சில காலியாக இருக்கும்.

இது ஸ்டென்ட் நோட்டு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய்க்கு யூரேட்டர் என்று பெயர். 25 முதல் 30 சென்டிமீட்டர் நீளம், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். கல் எடுத்தபின் அது வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, உள்ளே மெல்லிய குழல் ஒன்றை விட்டுவைப்போம். இரண்டு முனையும் சுருண்டிருப்பதால் டபுள் ஜே ஸ்டென்ட் என்பார்கள். சில நாளிலோ சில வாரத்திலோ அதை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் அதன்மேலேயே உப்புப் படிந்து, கல்லை எடுக்கப் போன இடத்தில் நாமே கல் வளர்த்துவிடுவோம்.

தனியாகச் சிகிச்சை செய்யத் தொடங்கி மூன்றாவது வருஷம் அதுதான் நடந்தது. நாற்பது வயது லாரி ஓட்டுநர் ஒருவருக்குக் கல் எடுத்து ஸ்டென்ட் வைத்தேன். ஆறு வாரத்தில் வரச் சொன்னேன். தலையாட்டினார். இரண்டரை வருஷம் கழித்துக் குளிர் ஜுரத்தோடு வந்தார். எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டியபோது என் கை நின்றுவிட்டது. ஸ்டென்ட் முழுக்க வெள்ளைப் பூச்சு. மேல் சுருளைச் சுற்றி ஒரு கல், கீழ்ச் சுருளைச் சுற்றி அதைவிடப் பெரிய கல். முதலில் ஜுரத்தை அடக்கி, பிறகு கீழ்க் கல்லைச் சிறுநீர்ப்பை வழியாக உடைத்து, மேல் கல்லை முதுகுப்புறம் துளை போட்டு உடைத்து, மூன்று அறுவை சிகிச்சைக்குப் பிறகுதான் அந்தக் குழல் வெளியே வந்தது. அந்தப் பக்கச் சிறுநீரகம் பாதிதான் மிஞ்சியது.

"வலி போயிடுச்சு டாக்டர். அதோட சரியாப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் பத்திரமாக வைத்திருந்த பழைய டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. 'டி.ஜே. இன் சிட்டு' என்று எழுதியிருந்தேன். ஸ்டென்ட் உள்ளே இருக்கிறது என்பதை நான் அவருக்குச் சொன்ன விதம் அது. இரண்டரை வருஷமாக அந்தச் சீட்டு அவர் வீட்டில் இருந்திருக்கிறது. அவரால் படிக்க முடிகிற ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்த வாரம்தான் முதல் நோட்டை வாங்கினேன். யூராலஜிஸ்டாக எப்படி வளர்வது என்று யார் கேட்டாலும், என்னால் அங்கிருந்துதான் பதில் சொல்லத் தொடங்க முடிகிறது. இந்தத் துறையில் ஒரு மனிதரின் உடம்புக்குள் எதையாவது வைத்துவிட்டு வெளியே வருகிறோம், திரும்பத் திரும்ப. வைத்ததை எடுக்கும்வரை அவர் நம் பொறுப்பு. தேர்வு, பட்டம், கருவி, பெயர் எல்லாம் இதற்குப் பிறகு.

துறையின் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ மாணவர்களே சில சமயம் குழம்புகிறார்கள். சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலை கெட்டால் பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட். டயாலிசிஸ் அவர் பொறுப்பு. சிறுநீர் போகும் பாதை முழுவதும், ஆண்களின் இனப்பெருக்க உறுப்புகளும் யூராலஜிஸ்ட் பொறுப்பு. கல், ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் வீக்கம், சிறுநீரக–சிறுநீர்ப்பை–புராஸ்டேட்–விரைப் புற்றுநோய்கள், குழந்தைகளின் பிறவிக் குறைகள், பெண்களின் சிறுநீர்க் கசிவு, ஆண்களின் குழந்தையின்மை, விறைப்புக் குறைவு, சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை என்று பிறந்த குழந்தையிலிருந்து தொண்ணூறு வயதுவரை எல்லாரும் வருவார்கள்.

என்னை இந்தத் துறைக்கு இழுத்தது வேறொன்று. இதயத்துக்கு மருந்து கொடுப்பவர் ஒருவர், அறுப்பவர் ஒருவர். குடலுக்கும் அப்படித்தான். யூராலஜியில் நோயைக் கண்டுபிடிப்பவரும், மாத்திரை எழுதுபவரும், அறுவை செய்பவரும், பத்து வருஷம் கழித்து மறுபடி பார்ப்பவரும் ஒரே ஆள். அறுவை முடிந்து தையல் பிரித்ததும் நோயாளியை மறந்துவிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது சரிப்படாது. அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

ஹிப்போக்ரட்டீஸ் பெயரில் வழங்கும் உறுதிமொழியில், கல்லுக்காகக்கூடக் கத்தி வைக்க மாட்டேன், அதை அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு விடுகிறேன் என்று ஒரு வரி உண்டு. எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். கல் எடுப்பது தனித் தொழில் என்பது அப்போதே தெரிந்திருக்கிறது. சுஸ்ருத சம்ஹிதையும் சிறுநீர்ப்பைக் கல்லைக் கவட்டுப் பகுதியில் கீறி எடுக்கும் முறையை விளக்குகிறது. பிறகு நூற்றாண்டுகளாகப் பெரிய மாற்றம் இல்லை. மாற்றம் வெளிச்சத்தோடு வந்தது. 1806-ல் பிலிப் போட்சினி என்ற ஜெர்மன் மருத்துவர் மெழுகுவர்த்தியையும் கண்ணாடியையும் கொண்டு உடம்புக்குள் பார்க்க ஒரு கருவி செய்தார். 1879-ல் மாக்சிமிலியன் நிட்சே பிளாட்டினக் கம்பியை மின்சாரத்தால் ஒளிரவைத்து, அது சுடாமலிருக்கத் தண்ணீர் ஓடவிட்டு, சிறுநீர்ப்பைக்குள் விளக்கோடு நுழைந்தார். அறுக்காமல் உள்ளே பார்க்கும் வழக்கம் முதலில் வேரூன்றிய இடங்களில் எங்கள் துறையும் ஒன்று.

அதற்குப் பிறகு வேகம் பிடித்தது. 1976-ல் முதுகு வழியாகத் துளை போட்டுச் சிறுநீரகக் கல்லை எடுத்தார்கள். 1980 பிப்ரவரியில் மூனிச்சில் கிறிஸ்டியன் சாசி குழுவினர் ஒரு நோயாளியின் கல்லை வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பியே உடைத்தார்கள். 1990-ல் ரால்ஃப் கிளேமன் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் முழுச் சிறுநீரகத்தையே எடுத்தார். 2000 வாக்கில் ரோபோ வந்தது. நான் பயிற்சியில் சேர்ந்தபோது பெரிய கல்லுக்கு விலாவில் ஒரு சாண் நீளம் கீறுவதை இன்னும் சொல்லிக்கொடுத்தார்கள். என் ஆசிரியருக்கு அதில் அபாரமான கை. அவர் ஓய்வு பெறுவதற்குள் அந்தக் கைக்கு வேலை அநேகமாக இல்லாமல் போயிற்று. ஐம்பது வயதுக்கு மேல் எங்களோடு உட்கார்ந்து எண்டோஸ்கோப்பி கற்றுக்கொண்டார். அவர் திரையைப் பார்த்தபடி கையை அசைக்கத் தடுமாறியதும், நாங்கள் பார்க்கிறோம் என்று தெரிந்தும் நிறுத்தாததும் இன்னும் கண்ணில் நிற்கிறது.

ரோபோ பிடித்திருக்கிறது, அதனால் யூராலஜி வேண்டும் என்று வருகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் தொழில் வாழ்க்கையில் கருவி இரண்டு மூன்று முறை மாறும். அடைப்பு அப்படியே இருக்கும், கல் அப்படியே இருக்கும், இருட்டில் எழுந்து எழுந்து கழிப்பறைக்குப் போகிற முதியவர் அப்படியே இருப்பார். அவர்மேல் அக்கறை இருந்தால் வாருங்கள்.

முதல் பாடம் கதீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றப் பாதை வழியாகச் செலுத்தும் குழாய். அதை நர்ஸ் வேலை, பயிற்சி டாக்டர் வேலை என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. திடீர் சிறுநீர் அடைப்போடு ஒருவர் வரும்போது பாருங்கள்: படுக்க முடியாது, உட்கார முடியாது, அடிவயிறு கல் மாதிரி இருக்கும், நெற்றி வியர்த்து வழியும். மயக்க ஜெல்லைச் செலுத்திவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். அவர் துடிக்கும்போது அந்த ஐந்து நிமிஷம் அரைமணி நேரமாகத் தோன்றும். பலர் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். காத்திருங்கள். 16 எண் கதீட்டர் என்றால் ஐந்து மில்லிமீட்டர் தடிமனுக்குக் கொஞ்சம் மேல். மூன்று எண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கு. குழாய் மெல்லப் போகும், போகும், ஓரிடத்தில் நிற்கும். அது சிறுநீரை அடக்கும் ஸ்ஃபிங்க்டர் தசை, பயத்தில் இறுகியிருக்கிறது. அங்கே தள்ளக் கூடாது. "ஐயா, மூச்சை நல்லா இழுத்து மெதுவா விடுங்க" என்று சொல்லி, விரலில் அழுத்தத்தை அப்படியே வைத்திருந்தால் தசை தானாக வழிவிடும். அது வழிவிடும் நொடி விரல் நுனியில் தெரியும். சிறுநீர் வரும்வரை பலூனை ஊதக் கூடாது. வழியிலேயே ஊதினால் பாதை கிழியும். கடைசியாக, பின்னுக்கு இழுத்த முன்தோலை மறக்காமல் முன்னுக்குக் கொண்டுவந்து விட வேண்டும். மறந்தால் மறுநாள் காலை வீங்கி இறுகிவிடும்.

ஒரு லிட்டருக்கு மேல் பையில் இறங்கும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாக விரிந்து, கண்ணை மூடி, பேசக்கூடத் தோன்றாமல் கிடப்பார். மருத்துவத்தில் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு முழுசாக ஒரு வேதனையைத் தீர்க்கிற இடங்கள் குறைவு. நான் யூராலஜி எடுத்தது அப்படி ஒரு இரவில்தான்.

கையை விடக் கடினமானது கேட்பது. எங்களிடம் வருகிறவர் சொல்ல வந்ததைச் சொல்ல மாட்டார். முதுகு வலி என்பார், அசதி என்பார், "வேற ஒண்ணும் இல்ல" என்று எழுந்து கதவுவரை போவார். கதவுப் பிடியில் கை வைத்தபடி திரும்பி, "இன்னொண்ணு டாக்டர்..." என்பார். அந்த 'இன்னொண்ணு'க்காகத்தான் வந்திருப்பார். அதற்கு நேரம் விட்டு உட்காரத் தெரிய வேண்டும். நாமே நேராகக் கேட்டுவிடுவதும் நல்லது, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்கிற அதே குரலில். படுக்கையறைப் பிரச்சினையைச் சொல்லத் தயங்குகிற ஐம்பது வயது ஆணுக்குப் பின்னால் சில சமயம் இதய நோய் இருக்கும். ஆண்குறிக்குப் போகும் ரத்தக்குழாய் இதயத்தின் ரத்தக்குழாயைவிடச் சின்னது. அடைப்பு அங்கே முதலில் தெரியலாம். அவருக்கு ஒரு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் பாதி வைத்தியம்தான் பார்த்திருக்கிறோம்.

வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிறுநீரில் ரத்தம் போயிற்று, அப்புறம் தானாக நின்றுவிட்டது என்று யாராவது போகிற போக்கில் சொன்னால் பேனாவைக் கீழே வையுங்கள். வலியோடு வரும் ரத்தம் பெரும்பாலும் கல், கிருமி. வலியில்லாமல் வரும் ரத்தம் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் முதல் குரலாக இருக்கலாம். நின்றுவிட்டது என்பதால் நோயாளி நிம்மதியாக இருப்பார். நாம் இருக்கக் கூடாது. ஸ்கேனும், சிறுநீர்ப்பைக்குள் விளக்கோடு நுழைந்து பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பியும் செய்து பார்த்த பிறகுதான் நிம்மதி.

பெண்கள் வேறு மாதிரி மறைப்பார்கள். இருமினால், சிரித்தால் நனைகிறது என்பதை வயசானால் அப்படித்தான் என்று யாரோ சொல்லி, பத்து வருஷம் பொறுத்திருப்பார்கள். மூன்று நாளுக்கு எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எப்போது, எவ்வளவு போயிற்று என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பல சோதனைகளைவிட அந்தத் தாள் அதிகம் சொல்லும். எழுதி வரும் பெண்மணிக்கும் தன் உடம்பைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்க்கிறார் என்பது புதிதாக இருக்கும்.

படிப்பு விஷயத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, எங்கும் கிடைக்கும். சில நாடுகளில் பொது அறுவை சிகிச்சையில் பட்டமேற்படிப்பு முடித்து, அதன்மேல் யூராலஜி படிக்க வேண்டும். இந்தியாவில் எம்.எஸ். மூன்று வருஷம், எம்.சிஎச். மூன்று வருஷம் என்பது அப்படி. அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு முடிந்ததும் நேராக ஐந்தாறு வருஷ ரெசிடென்சி. எந்த வழியில் போனாலும் கல்லூரியில் காலடி வைத்த நாளிலிருந்து பன்னிரண்டு முதல் பதினான்கு வருஷம் போலக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நண்பர்கள் வீடு கட்டிக் குடியேறும்போது நீங்கள் இன்னும் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பீர்கள். அது வலிக்கும். அதைப் பற்றி வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

பயிற்சிக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கவனமாக இருங்கள். பெரிய பெயர், புதிய ரோபோ என்று பார்த்துப் போகிறார்கள். அங்கே இருக்கும் கடைசி வருஷ மாணவரைத் தனியாகச் சந்தித்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வருஷம் நீங்கள் முழுசாக உங்கள் கையால் செய்தவை எத்தனை? இரவில் வரும் அவசரத்துக்கு மேலே இருப்பவர் போனை எடுக்கிறாரா? தவறாகப் போன கேஸ்களைப் பற்றி மாதாமாதம் வெளிப்படையாகப் பேசுகிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர் யோசித்தால், அந்த இடத்தைப் பற்றி நீங்களும் யோசியுங்கள். தவறைப் பேசாத இடத்தில் பயின்றவர்கள் பின்னால் அதை மறைக்கவும் பழகிவிடுகிறார்கள்.

எண்டோஸ்கோப்பி கற்பது விசித்திரமான அனுபவம். கண் திரையில், கை இடுப்புயரத்தில், கால் பெடலில். புராஸ்டேட்டைச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி. அறுவையில் முதல் மாதங்களில் எல்லாமே சிவப்பாகத் தெரியும். ஒரு ரத்தக்குழாய் திறந்துகொண்டால் திரை முழுக்கச் செம்மூட்டம். அப்போது வெருமாண்டானம் என்ற சின்ன மேட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். கடலில் இருப்பவருக்குக் கலங்கரை விளக்கம் மாதிரி அது. அதைத் தாண்டிக் கீழே வெட்டினால் சிறுநீரை அடக்கும் தசை போய்விடும். அந்த மனிதர் மிச்ச வாழ்நாள் முழுவதும் நனைந்துகொண்டிருப்பார். என் ஆசிரியர் ஒவ்வொரு சில நிமிஷத்துக்கும், "மேடு எங்கேம்மா?" என்று கேட்பார். பதில் சொல்லாமல் அடுத்த துண்டை வெட்ட விடமாட்டார். இன்று என் மாணவர்களிடம் நானும் அதே வார்த்தையில் கேட்கிறேன்.

நேரத்தையும் அவர்தான் பழக்கினார். கழுவப் பயன்படுத்தும் கிளைசின் திரவம் ரத்தத்தில் கலந்து சோடியம் இறங்கிவிடும் ஆபத்து அன்று பெரிதாக இருந்தது. ஒரு மணி நேரம் ஆனால் முடித்துக்கொள், மிச்சத்தை இன்னொரு நாள் பார்க்கலாம் என்பார். இப்போது பைபோலார் என்ற வேறுவகை மின்கருவியில் உப்புநீரையே பயன்படுத்துகிறோம், அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் பாதியில் நிறுத்துவது தோல்வி இல்லை என்று அன்று கற்றது எனக்கு வேறு பல அறுவைகளில் கை கொடுத்திருக்கிறது. யூரேட்டருக்குள் கருவி போக மறுத்தால் நான் மல்லுக்கட்டுவதில்லை. ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டு, நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வரச் சொல்வேன். குழாய் தானாகத் தளர்ந்திருக்கும்.

இன்னொன்று, கதிர்வீச்சு. கல் வேலை பெரும்பாலும் எக்ஸ்ரே வெளிச்சத்தில் நடக்கும். ஈய அங்கி கனமாக இருக்கிறது, கழுத்துப் பட்டை வியர்க்கிறது என்று இளையவர்கள் கழற்றி வைப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். முப்பது வருஷம் நிற்கப் போகிற உடம்பு அது.

எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்யும் இந்தத் துறையில் சில விஷயங்களுக்கு மட்டும் பொறுமை கூடாது. ஒரு பையனுக்கு நள்ளிரவில் திடீரென்று விரையில் வலி, வாந்தி. விரை முறுக்கிக்கொண்டிருந்தால் ரத்த ஓட்டம் நின்றிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் திருகலைப் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றலாம், ஒரு நாள் கடந்தால் அரிது. கூச்சத்தில் பையன் அம்மாவிடம் சொல்லாமல் இரண்டு மணி நேரம் ஏற்கெனவே போயிருக்கும். சந்தேகம் பலமாக இருந்தால் ஸ்கேனுக்காகக் காலையை எதிர்பார்க்கக் கூடாது, திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்த்து ஒன்றுமில்லை என்றாலும் அது தவறான முடிவு இல்லை. கல் அடைத்த சிறுநீரகத்தில் ஜுரம் சேர்ந்தாலும் அப்படியே. கல்லை உடைக்கும் ஆசையை அன்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஸ்டென்ட்டோ முதுகுவழிக் குழாயோ வைத்துச் சீழை வெளியேற்ற வேண்டும். எந்த நேரமானாலும் எழுந்து வரும் வாழ்க்கைக்கு உங்கள் குடும்பம் தயாரா என்பதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான்.

நான் பெண் என்பதால் ஒரு பத்தி. ஆண்களுக்கான துறை, உன்னிடம் யார் வருவார்கள் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்காவில் 1962-ல்தான் எலிசபெத் பிக்கெட் என்ற முதல் பெண் போர்டு சான்று பெற்ற யூராலஜிஸ்ட் ஆனார். அவர் எத்தனை பேர் கேள்வியைத் தாங்கியிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். என் அனுபவத்தில் வலியில் இருப்பவர் ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. வலியில்லாமல் வரும் முதியவர்கள் முதல் முறை தயங்குவார்கள். ஒருவர், "டாக்டரம்மா, ஆம்பள டாக்டர் யாரும் இல்லியா?" என்று கேட்டார். இருக்கிறார், பக்கத்து அறை என்று சொல்லி அனுப்பினேன். அங்கே கூட்டமாக இருந்ததால் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார். திரையை இழுத்துவிட்டு, என்ன செய்யப்போகிறேன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுச் செய்தேன். பன்னிரண்டு வருஷம் என்னிடமே வந்தார். சிறுநீர்க் கசிவோடு வரும் பெண்களுக்கோ ஒரு பெண் யூராலஜிஸ்ட் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நான் தினமும் பார்க்கிறேன். மாணவிகளே, உங்களுக்கு இங்கே இடம் இருக்கிறது. தாராளமாக வாருங்கள்.

உட்பிரிவுகள் நிறைய இருக்கின்றன: கல், புற்றுநோய், குழந்தைகள், ஆண்மை–குழந்தையின்மை, பெண்களுக்கான யூராலஜி, நரம்புக் கோளாறால் சிறுநீர்ப்பை கெட்டவர்கள், பாதையைப் புதிதாகக் கட்டும் சீரமைப்பு, சிறுநீரக மாற்று. படிப்பு முடித்த மறுநாளே ஒன்றுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதீர்கள் என்பது என் கருத்து. நாலைந்து வருஷம் எல்லாம் பாருங்கள். எந்த நோயாளி வரும்போது நீங்கள் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது அதற்குள் தெரிந்துவிடும். என் சக மாணவர் ஒருவர் புற்றுநோய்க்கென்றே பிறந்தவர் மாதிரி இருந்தார். இன்று அவர் விபத்தில் கிழிந்த சிறுநீர்ப் பாதைகளைக் கன்னத்தின் உள்தோலை எடுத்து ஒட்டிச் சரிசெய்கிறார், அதுவும் பொறாமைப்படும்படி.

தொழிலாக நிலைபெறுவதைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். உங்களுக்கு நோயாளியை அனுப்பும் குடும்ப டாக்டருக்கு அன்றைக்கே பதில் எழுதுங்கள்: என்ன பார்த்தேன், என்ன செய்தேன், நீங்கள் எதைக் கவனிக்க வேண்டும். பத்து வரி போதும். கடன் வாங்கி லேசர் இயந்திரம் வாங்காதீர்கள், தொடக்கத்திலாவது. மாதத் தவணை தலைக்கு மேல் இருக்கும்போது நாலு மில்லிமீட்டர் கல் அறுவைக்கு உரியதாகத் தெரியத் தொடங்கும். அந்த அளவுக் கல் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். வலிக்கு மருந்து கொடுத்து, ஜுரம் வந்தால் உடனே வாருங்கள் என்று சொல்லி, சில வாரத்தில் மறுபடி பார்த்தால் போதும். புராஸ்டேட் புற்றுநோயிலும் மெதுவாக வளரும் ரகம் உண்டு. பி.எஸ்.ஏ. என்ற ரத்தச் சோதனையும் ஸ்கேனும், அவ்வப்போது துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியுமாகக் கண்காணித்தபடி அறுக்காமல் வைத்திருக்கலாம். புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்ட குடும்பம் உடனே எடுத்துவிடுங்கள் என்று கையைப் பிடிக்கும். அவர்களை உட்காரவைத்து, இப்போது வேண்டாம் என்று ஒரு மணி நேரம் விளக்குவதற்கு யாரும் பெரிதாகப் பணம் தருவதில்லை. நான் செய்த நல்ல வேலைகளில் சில அந்த ஒரு மணி நேரங்கள்.

உங்கள் முடிவுகளை நீங்களே எண்ணுங்கள். எத்தனை பேருக்குக் கல் மிச்சம் இருந்தது, எத்தனை பேர் ஜுரத்தோடு திரும்பி வந்தார்கள், எத்தனை பேருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. மாநாட்டு மேடைக்காக வேண்டாம், உங்களுக்காக. முதல் வருஷம் என் எண்ணிக்கையைப் பார்த்தபோது நான் நினைத்திருந்ததைவிட மோசமாக இருந்தது. பார்த்ததால்தான் அடுத்த வருஷம் கிருமிச் சோதனை முடிவு கைக்கு வராமல் கல்லில் கை வைப்பதை நிறுத்தினேன்.

இப்போது கணினி வந்துவிட்டது, தானாக நினைவூட்டல் அனுப்பும் செயலி வந்துவிட்டது. எங்கள் பிரிவிலும் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. இருந்தாலும் நோட்டை விடவில்லை. செயலி செய்தி அனுப்பும். எண் மாறியிருந்தால் அது யாருக்கோ போகும். நோட்டில் காலிக் கட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த மனிதரின் முகம் வரும். டிஸ்சார்ஜ் சீட்டில் இப்போது சுருக்கெழுத்து கிடையாது. 'உங்கள் உடம்புக்குள் ஒரு குழல் வைத்திருக்கிறோம். இந்தத் தேதிக்குள் கட்டாயம் எடுக்க வேண்டும்' என்று நோயாளி படிக்கும் மொழியில், பெரிய எழுத்தில் இருக்கும். படிக்கத் தெரியாதவராக இருந்தால் கூட வந்தவரைப் படிக்கச் சொல்லி, அவர் காதில் விழுந்ததை உறுதி செய்துகொண்ட பிறகே அனுப்புகிறோம்.

சென்ற வாரம் புதிதாகச் சேர்ந்த பயிற்சி மாணவி நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். "மேடம், இவங்களுக்கு ஆறு வாரம் தாண்டிடுச்சு" என்று ஒரு வரியில் விரல் வைத்தாள். எழுபது வயது அம்மா, வலது பக்கம். இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று, யாரும் எடுக்கவில்லை. மாணவி கேஸ் தாளை எடுத்து, மகள் எண் என்று ஓரத்தில் குறித்திருந்ததைக் கண்டுபிடித்து, என்னிடம் கேட்காமலே போனைக் காதில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் அடுத்த நோயாளியை உள்ளே அழைத்தேன்.